ஆடு நக்கிய முருங்கைத் தோட்டம்

உளவு பார்க்கும் வேலைக்கு நான் லாயக்கில்லை என்று சுமதியிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சுமதி என் தங்கை. தோஹாவில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அவள் கணவர் பால்துரை அதே ஊர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். இயற்கை விவசாயக் காய்ச்சல் கண்டு, கிரேனிலிருந்து இறங்கி, நேராகத் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் சொந்த ஊரான சாயர்புரத்துக்குப் போய் முருங்கை நட்டுவிட்டார். நட்ட நாளிலிருந்து மனைவிக்குத் தினம் ஒரு போட்டோ. எல்லாப் போட்டோவிலும் மரம் பச்சைப் பசேலென்று இருந்தது, அவர் வெள்ளை வேட்டியில் சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னையும் வேலையை விட்டுட்டு வரச் சொல்றார்ணா. கீரையைப் பொடி பண்ணி வெளிநாட்டுக்கு அனுப்பலாம், ரெண்டு பேரா பார்த்தா போதும்ங்கிறார். இந்த மாசத்துக்குள்ள ராஜினாமா கொடுக்கணும். எனக்கு லீவு கிடையாது. நீ ஊருக்கு வந்திருக்கே இல்ல, ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டுச் சொல்லு. உன் வார்த்தையை வச்சுத்தான் நான் முடிவெடுப்பேன்."

நான் சிங்கப்பூரில் கணக்கெழுதிப் பிழைப்பவன். விடுமுறைக்குக் கும்பகோணம் வந்திருந்தேன். காவிரிக் கரையில் பிறந்ததால் விவசாயம் தெரியும் என்று எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோரையும்போல நானும் நம்பிக்கொண்டிருந்தேன். எங்கள் வயலை நான் வரப்பிலிருந்து மட்டுமே பார்த்திருக்கிறேன் என்பதைச் சுமதி மறந்துவிட்டாள்.

தூத்துக்குடியில் இறங்கியதும் முதலில் வாயில் பட்டது உப்பு. உதட்டைத் தடவினால் உப்பு. டீயில் சர்க்கரைக்கு அடியில் உப்பு. ஊருக்கு வெளியே வந்தால் சாலையின் இரண்டு பக்கமும் உப்புக் குவியல்கள் வெள்ளையாக வரிசை கட்டி நின்றன. "தண்ணியே அப்படித்தான் அண்ணாச்சி, ரெண்டு நாள்ல பழகிரும்" என்றார் டீக்கடைக்காரர். உண்மைதான், இந்த ஊர்க்காரர்களுக்கு எல்லாமே உப்புக் கரித்துக் கரித்து, எதுவுமே கரிப்பதாகத் தெரிவதில்லை.

ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் இருந்த அம்மாள் கேட்காமலேயே தன் பையை என் மடியில் வைத்தார். பை அசைந்தது. உள்ளே கோழி.

"பிடிச்சுக்கிடுங்க அண்ணாச்சி, கொத்தாது."

கொத்தியது. சிங்கப்பூரில் பேருந்துக்குள் துரியன் பழம் கொண்டுபோகக்கூட அனுமதி இல்லை என்று அந்த அம்மாளிடம் சொன்னேன். "பாவம், அப்ப கோழிய எப்படித்தான் கொண்டு போவாவளோ?" என்று அவர் அந்த நாட்டு மக்களுக்காக உண்மையாகவே வருத்தப்பட்டார்.

சாயர்புரத்துக்கு வெளியே, தேரி என்று அவர்கள் சொல்லும் செம்மணல் மேட்டின் ஓரத்தில் இருந்தது தோட்டம். எங்கள் ஊர் மண்ணைப் பிடித்தால் கையில் ஒட்டும். இந்த மண் விரலிடுக்கில் ஓடிவிடும். பால்துரை வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க மச்சான். ஒரு வழியா எங்க பூமிக்கு வந்துட்டிய. முதல்ல மூச்ச இழுத்து விடுங்க. நஞ்சில்லாத காத்து."

இழுத்து விட்டேன். பக்கத்துச் செங்கல் சூளையின் புகை வாசனை வந்தது. நல்ல மனுஷர், வந்ததும் வராததுமாக மனதைப் புண்படுத்த வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

வீட்டுக்குப் பின்னால் குளியலறை. அதன் மேலே ஒரு நீலத் தண்ணீர்த் தொட்டி. அதன் பக்கத்தில் ஏழெட்டு முருங்கை மரங்கள், குடை விரித்தாற்போல் அப்படி ஒரு செழிப்பு. பால்துரையின் அம்மா, நான் அத்தை என்று அழைப்பவர், அந்த நிழலில் நாற்காலி போட்டுக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். வெயிலில் வந்தவனுக்கு அந்த நிழல் சொர்க்கமாக இருந்தது. வந்து சேர்ந்த தகவலுக்காக, காப்பி டம்ளரும் கையுமாக, கட்டை விரலைத் தூக்கிக் காட்டி, மரங்களோடு ஒரு படம் எடுத்துச் சுமதிக்கு அனுப்பினேன். பதிலுக்கு ஒரு சிவப்பு இதயம் வந்தது.

காப்பி முடிந்து தோட்டத்துக்குள் நடந்தோம். வீட்டைத் தாண்டியதும் மரங்கள் தோள் உயரத்துக்கு வந்தன, பிறகு இடுப்பு உயரத்துக்கு, பிறகு மரம் என்று சொல்லவே கூச்சமாக இருந்தது. இலைகளின் நுனியெல்லாம் யாரோ இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுத்ததுபோல் கருகிக் கிடந்தன.

"என்ன மாப்ளே, இதெல்லாம் இப்படி இருக்கு?"

"அது ஒண்ணும் இல்ல மச்சான். இம்புட்டு வருசமா ரசாயனம் குடிச்ச மண்ணு. இப்ப நஞ்சைக் கக்குது. கக்கி முடிச்சதும் பாருங்க, காடா நிக்கும்."

"எவ்வளவு நாள் கக்கும்?"

"அது மண்ணோட இஷ்டம்லா."

அப்போதுதான் ஆடுகளைப் பார்த்தேன். பத்துப் பதினைந்து ஆடுகள் முருங்கைக்குள் நின்றன. ஆடு புகுந்த தோட்டம் என்ன ஆகும் என்று வரப்பிலிருந்து பார்த்தவனுக்கும் தெரியும். நான் கல்லைத் தேடினேன். பால்துரை என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"விரட்டாதிய. நல்லாப் பாருங்க, இலையில வாய் வைக்கா?"

வைக்கவில்லை. ஆடுகள் மரத்தடியில் மண்டி போட்டு மண்ணை நக்கிக்கொண்டிருந்தன. ஒன்றையொன்று முட்டித் தள்ளி, கண்ணை மூடி, அவ்வளவு ரசித்து நக்கின.

"பக்கத்துத் தோட்டத்துக்குப் போவட்டும், இலையத்தான் திங்கும். இங்கன மட்டும்தான் மண்ணை நக்கும். வாயில்லா ஜீவனுக்குக்கூடத் தெரியுது மச்சான், எது நல்ல மண்ணுன்னு. இத வீடியோ எடுத்துப் போட்டேன், எத்தனை பேரு பாத்தாவ தெரியுமா?"

ஆடுகளின் சொந்தக்காரி சுடலி வேலியோரம் வெற்றிலை மென்றபடி நின்றிருந்தாள். "அண்ணாச்சி தோட்டத்துக்கு வர ஆரம்பிச்சப்பொறம் ஆடு நல்லாத் தண்ணி குடிக்குது, நல்லா மேயுது" என்றாள். பால்துரை என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் ஒப்புக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

மறுநாள் பூச்சி மேலாண்மை. முருங்கை என்றால் கம்பளிப்பூச்சி இருக்கும். இங்கே கொத்துக் கொத்தாக, மரத்துக்குச் சட்டை போட்டாற்போல் இருந்தது. பால்துரை பூச்சியைக் கொல்ல மாட்டார். அதுவும் பூமித்தாயின் பிள்ளையாம். இஞ்சியும் பூண்டும் பச்சை மிளகாயும் அரைத்துக் கரைத்த தண்ணீரைத் தெளித்து, "போயிரு" என்று கேட்டுக்கொள்வார். நான் பார்க்கத் தெளித்தார். கம்பளிப்பூச்சிகள் சற்று நெளிந்துவிட்டு அங்கேயே இருந்தன. எனக்குத்தான் தும்மலும் கண்ணெரிச்சலும் வந்து, நான் பத்தடி தள்ளிப் போய்விட்டேன்.

அவர் வீடியோ எடுக்க அந்தப் பக்கம் நகர்ந்ததும் அத்தை ஒரு கம்பில் எண்ணெய்த் துணியைச் சுற்றிக்கொண்டு வந்தார். பற்றவைத்து மரத்தண்டில் ஒரு இழுப்பு இழுத்தார். பூச்சியெல்லாம் பொரிந்து விழுந்தன.

"அவன்ட்ட சொல்லிராதிய தம்பி. அவன் பேசி முடிச்சிட்டு வாரதுக்குள்ள நாலு மரத்த முடிச்சிருவேன். இஞ்சித் தண்ணியில போயிருச்சுன்னு சந்தோசமா இருப்பான்."

இயற்கைப் பூச்சி விரட்டி பற்றி என் மைத்துனர் ஊர் ஊராகப் போய்ப் பேசும் பேச்சின் அடிப்படை இந்தத் தீப்பந்தம்தான் என்று எனக்கு அன்று தெரிந்தது.

சாயங்காலம் ஊருக்குள் உரக்கடைக்குப் போனோம். கடைக்குள் இடது பாதி, பூச்சிமருந்து. மறுபாதிக்குப் பச்சைப் பெயின்ட் அடித்து இலைப் படம் வரைந்திருந்தார்கள். கடைக்கார அண்ணாச்சி வருகிறவரின் உடையைப் பார்த்தே எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று முடிவு செய்கிறார். கைலி கட்டி வந்தவருக்கு இடது பக்கம். கதர்ச் சட்டையும் துணிப்பையுமாக வந்த எங்களுக்கு வலது பக்கம். வேப்பெண்ணெய்ப் புட்டியை எடுத்துக் கொடுத்தபடி, "உங்கள மாதிரி நாலு பேரு இருக்கப்போயிதான் மழை பெய்யுது" என்றார். அங்கே மழை பெய்து பல மாதங்கள் ஆகியிருந்தன.

திரும்பி வந்ததும் பால்துரை தன் பெருமையின் உச்சியை எனக்குத் திறந்து காட்டினார். கொட்டகைக்குள் பெரிய பெரிய பிளாஸ்டிக் டிரம்கள். உள்ளே மீன் அமிலம். மீன் கழிவில் வெல்லமோ கருப்பட்டியோ போட்டு ஊறவைத்து, வடித்து, தண்ணீரில் கலந்து பயிருக்கு விடுவது. நாடு முழுக்கச் செய்கிறார்கள். எங்கள் பக்கத்தில் மாமா ஒருவர் வெண்டைக்கு ஸ்பூன் கணக்கில் கலந்து தெளிப்பதைப் பார்த்திருக்கிறேன். பால்துரையோ வாளி வாளியாக மொண்டு மரத்தடியில் ஊற்றினார்.

"இவ்வளவு ஊத்தலாமா மாப்ளே? அளவு ஒண்ணும் கிடையாதா?"

"அளவு பாக்குறதுக்கு இது என்ன யூரியாவா மச்சான்? இயற்கை. தாய்ப்பாலை அளந்தா குடுக்காவ?"

டிரம்மின் மூடியைத் திறந்தபோது மூக்கைப் பொத்திக்கொள்ளத் தயாரானேன். அழுகல் நாற்றம் வரவில்லை. எனக்குப் பசி எடுத்தது. உண்மையாகவே வாயில் நீர் ஊறியது. அடுப்படியிலிருந்து கருவாட்டுக் குழம்பு கொதிக்கும் வாசனை வருகிறது என்று நினைத்து அத்தையைக் கேட்டேன். அன்று வீட்டில் சாம்பார்.

"பழவாசம் வரணும்னு சொல்லிக் குடுத்தாவ" என்றார் பால்துரை சற்றே குரலைத் தாழ்த்தி. "இன்னும் வரல. அதான் கருப்பட்டியக் கூட்டிக்கிட்டே போறேன்."

இரவு சுமதிக்கு எழுத உட்கார்ந்தேன். எழுத நிறைய இருந்தது. கம்பளிப்பூச்சி, தீப்பந்தம், நஞ்சைக் கக்கும் மண். ஒவ்வொன்றையும் நினைத்து நானே சிரித்துக்கொண்டேன். இவ்வளவு நல்ல சரக்கை அவசரப்பட்டு வீணடிக்க வேண்டாம், எல்லாம் பார்த்து முடித்து, அவள் விழுந்து விழுந்து சிரிக்கும்படி ஒரே கடிதமாக எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். மாசக் கடைசிக்கு இன்னும் நாள் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, பால்துரை தன் தோட்டத்தில் நடத்தும் இயற்கை விவசாயப் பயிற்சி முகாம். இரண்டு கார்களிலும் ஒரு வேனிலும் ஆட்கள் வந்தார்கள். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர்கள் பாதி, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் மீதி. எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் நடந்தார்கள். வெயில் ஏறியதும் எல்லோரும் துள்ளித் துள்ளி நடந்தார்கள். அந்த மண்ணில் வேலை செய்யும் கூலிப் பெண்கள் செருப்புப் போட்டிருந்தார்கள்.

பால்துரை ஒரு பிடி மண்ணை எடுத்து நீட்டினார். "எல்லாரும் ஒரு துளி நாக்குல வச்சுப் பாருங்க. நம்ம மண்ணோட ருசிய மறந்ததுதான் நம்ம நோய்க்கெல்லாம் காரணம்."

வைத்துப் பார்த்தார்கள். சென்னையிலிருந்து வந்த ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டார். "வாவ், மினரல்ஸ் அப்படியே தெரியுது" என்றார். அவர் கணவர், கடல் பக்கத்து மண்ணில் அயோடின் உண்டு என்று விளக்கினார். எட்டயபுரத்திலிருந்து வந்த ஒரு வாத்தியார் மட்டும், "இலையெல்லாம் ஏன் கருகியிருக்கு?" என்று கேட்டார். நாலு பேர் திரும்பி அவரைப் பார்த்த பார்வையில் மனிதர் அடங்கிவிட்டார். என் கைக்கு வந்த மண்ணை நான் சாப்பிடுவதுபோல் பாவனை செய்து வேட்டி மடிப்பில் போட்டுவிட்டேன்.

குரூப் போட்டோ எடுக்க எல்லோரையும் நீலத் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுமதி எனக்குக் காட்டிய அத்தனை போட்டோவிலும் ஓர் ஓரத்தில் அந்த நீலம் இருந்தது. தோட்டத்தில் செழிப்பாக இருந்ததே அந்த ஏழெட்டு மரங்கள்தான்.

"அத்தை, இந்த மரம் மட்டும் எப்படி இப்படி வளருது?"

"குளிச்ச தண்ணி போவுதுல்லா தம்பி. அது மட்டும்தான் அதுக்கு. அந்த நாத்தம் புடிச்ச மீன் தண்ணிய நான் குளிக்கிற இடத்துல ஊத்தக்கூடாதுன்னு சொல்லிட்டேன். பாவம், இந்த மரத்துக்கு ஒண்ணுமே குடுக்கலயேன்னு அவனுக்கு வருத்தம்."

அந்த வருத்தத்தில்தான் விஷயம் இருக்கிறது என்று அப்போதே பிடித்திருக்க வேண்டும். மத்தியானம் பொரித்த புரோட்டா வந்துவிட்டது. அந்த ஊர் பொரித்த புரோட்டாவுக்கு முன்னால் உட்கார்ந்து யோசிக்க யாராலும் முடியாது.

அடுத்த நாள் டிரம் காலியாகிவிட்டது, மீன் கழிவு எடுக்கக் கடற்கரைக்குப் போக வேண்டும் என்று பால்துரை ஸ்கூட்டரைக் கிளப்பினார். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். நடுவில் ஒரு பெரிய கேன்.

மீன் இறங்கும் இடத்துக்குப் போவோம் என்று நினைத்தேன். அவர் அதைத் தாண்டி ஒரு கருவாட்டுக் களத்துக்குள் வண்டியை விட்டார். களத்தை நடத்தும் ஜெரால்டு, பால்துரையோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். பெண்கள் மீனைக் கீறி, குடலை எடுத்து, சிமென்ட் தொட்டியில் ஓர் அடுக்கு மீன், ஓர் அடுக்கு உப்பு என்று அடுக்கிக்கொண்டிருந்தார்கள். தொட்டியின் அடியில் தேங்கிய தண்ணீரும், கூட்டி அள்ளிய தலையும் வாலும் எங்கள் கேனுக்குள் போயின.

"ஏன் ஜெரால்டு, பச்சை மீன் கழிவு கிடைக்காதா?" என்று கேட்டேன், சும்மா பேச்சுக்கு.

"அத மீன் மாவு கம்பெனிக்காரன் அங்கனையே அள்ளிட்டுப் போயிருவான் அண்ணே. இத ஒருத்தனும் எடுக்க மாட்டான். உங்க மாப்ளை ஒருத்தர்தான் தேடி வாராரு. நானும் நண்பனாச்சேன்னு காசு வாங்குறதில்ல."

பால்துரை நெகிழ்ந்துபோய் ஜெரால்டின் தோளைத் தட்டினார்.

வரும் வழியில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு எதிரே வேகத்தடை. வண்டி குதித்தது, கேன் மூடி பறந்தது, பாதிக் கழிவு என் பேன்ட்டில் இறங்கியது. மண்டப வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார்கள். ஹெல்மெட் இல்லாததைப் பார்த்துக் கையைக் காட்டிய போலீஸ்காரர், நாங்கள் பக்கத்தில் வந்ததும் அதே கையால் "போ, போ" என்று துரத்தினார். என் வாழ்வில் போலீஸ் என்னிடம் காட்டிய ஆகப் பெரிய கருணை அது.

தோட்டத்துக்கு வருவதற்குள் வெயிலில் பேன்ட் காய்ந்துவிட்டது. வண்டியை விட்டு இறங்கினேன். ஆடுகள் தலையைத் தூக்கின. ஒன்று வந்தது, இன்னொன்று வந்தது, பிறகு கூட்டமாக வந்தன. வந்து என் பேன்ட்டை நக்க ஆரம்பித்தன. உதறினேன், போகவில்லை. மண்ணை நக்கியபோது எப்படிக் கண்ணை மூடினவோ, அப்படியே கண்ணை மூடிக்கொண்டு என் முழங்காலை நக்கின. குனிந்து பார்த்தேன். பழுப்பு நிறத் துணியில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு படிந்திருந்தது. விரலால் சுரண்டினேன். பொடி உப்பு.

ஆடுகளை உதறிக்கொண்டு அப்படியே ஒரு மரத்தடிக்குப் போய், ஒரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைத்தேன். இந்த முறை பாவனை இல்லை. காறித் துப்பினேன்.

"மாப்ளே, இங்க வாங்க. நீங்களும் வச்சுப் பாருங்க."

"நான் தினமும் வைக்கேனே மச்சான்."

"கரிக்கலையா?"

"லேசாக் கரிக்கும். இங்கன எதுதான் கரிக்காது? போர்த் தண்ணி கரிக்கும். காத்து கரிக்கும்."

அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நீலத் தொட்டிக்குப் பக்கத்தில் போனேன். குளித்த தண்ணீர் மட்டும் குடித்த மரத்தின் அடி மண்ணை எடுத்துக் கொடுத்தேன். வைத்துப் பார்த்தார். பிறகு தானாகவே நடந்துபோய் அந்தப் பக்கத்து மண்ணை எடுத்து வைத்துப் பார்த்தார். மறுபடி இங்கே வந்தார். மறுபடி அங்கே போனார். முகத்தில் இருந்த பேச்சாளர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் போவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"கருவாட்டுக் கழிவு" என்றார். "உப்பு. ஐயோ, வாளி வாளியா உப்பத்தான் ஊத்தியிருக்கேன். என் கையாலயே."

அத்தை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். சுடலியும் கேட்டாள். "எனக்கு அப்பவே தெரியும், அண்ணாச்சி. உப்பு இல்லாம ஆடு மண்ணை நக்குமா?" என்றாள்.

"ஏளா, பொறவு ஏன் சொல்லல?" என்று அத்தை கத்தினார்.

"அவிய வீடியோல வேற மாதிரி சொன்னாவ. படிச்சவிய சொன்னா சரியாத்தான் இருக்கும்னு இருந்துட்டேன். ஆட்டுக்கும் நல்லதாத்தான இருந்துச்சு."

நாலு நாளாகச் சேர்த்து வைத்திருந்த கிண்டல் எல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. கவிழ்த்த டிரம்மின் மேல் உட்கார்ந்து, மண் ஒட்டிய கையை வேட்டியில் துடைத்துத் துடைத்து, துடைத்த கையையே பார்த்துக்கொண்டிருந்த மனுஷரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கோபமும் வந்தது. என் தங்கை இந்த மண்ணை நம்பி வேலையை விட இருந்தாள்.

"நீங்க சொல்ல வேண்டாம் மச்சான்" என்றார் பால்துரை. "போட்டோ அனுப்புனது நான். நானே சொல்லுதேன்."

எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். சுமதி எடுத்தாள்.

"சுமதி, வேலைய விட்டுறாத. தோட்டம் பூராம் உப்பாயிப் போச்சு. யாரும் ஒண்ணும் செய்யல, நான்தான் ஊத்துனேன். அந்தத் தொட்டிப் பக்கம் இருக்கிற மரம் மட்டும்தான் நல்லா இருக்கு. அதத்தான் உனக்குக் காட்டிக்கிட்டு இருந்தேன்."

அந்தப் பக்கம் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"வேலையை அன்னைக்கே விட்டாச்சு" என்றாள்.

"என்னைக்கு?" என்றேன் நான்.

"நீ போட்டோ அனுப்பினியே, அன்னைக்குத்தான். காப்பியும் கையுமா, கட்டை விரலைத் தூக்கிக்கிட்டு. உன் வார்த்தையை வச்சு முடிவெடுப்பேன்னு சொல்லியிருந்தேன் இல்ல? எதையும் நொட்டை சொல்ற என் அண்ணனே கட்டை விரலைத் தூக்குறான்னா வேற என்ன வேணும்னு அந்த நிமிஷமே எழுதிக் கொடுத்துட்டேன்."

"சுமதி, அது வந்து சேர்ந்ததுக்காக..."

"என் இடத்துக்கு ஆள் போட்டாச்சுண்ணா. திரும்பக் கேட்டாலும் கிடைக்காது."

அவள் அழுதாள். தோஹாவில் அவள் அழ, சாயர்புரத்தில் இரண்டு ஆம்பிளைகள் ஒரு செல்போனைப் பார்த்தபடி நின்றோம். இவரை நாலு நாளாக நான் மனதுக்குள் கேலி செய்தேன். இவர் தினம் செய்ததை நான் வந்த அன்றே, கேட்காமலேயே, ஒரே படத்தில் செய்து முடித்திருந்தேன். அதற்குப் பிறகு பார்த்ததையெல்லாம் சிரிப்பாக எழுத வேண்டும் என்று பொத்தி வைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

பிறகு அவள் மூக்கை உறிஞ்சினாள். குரல் மாறியது. வார்டில் நோயாளியின் சொந்தக்காரர்களை அதட்டும் குரல் அது.

"ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க யாராவது நல்லா இருக்கிற கையைக் காட்டி வைத்தியம் பண்ணச் சொல்வாங்களா? நீங்க ரெண்டு பேரும் அதைத்தான் பண்ணியிருக்கீங்க. உடம்புல உப்பு ஏறினா தண்ணி கொடுத்துத்தான் இறக்கணும். மண்ணுக்கும் அப்படித்தானே? உங்க ஊர்ல நல்ல தண்ணி எப்ப வரும்?"

"ஐப்பசி மழைக்குத்தான்" என்றார் பால்துரை, பள்ளிக்கூடத்துப் பையன்போல.

"அதுக்கு முன்னாடி நான் வந்துடுவேன். வேற வழி? நான் வரும்போது அந்த டிரம்ல ஒண்ணுகூட அங்க இருக்கக் கூடாது. மழைத் தண்ணி வெளியே ஓடாம வரப்பு கட்டி வைங்க. கருகின இடமெல்லாம் எனக்குப் போட்டோ வேணும். அவர் எடுக்க வேண்டாம். அண்ணா, நீ எடு."

மறுநாள் கிளம்ப வேண்டியவன் கிளம்பவில்லை. காலையில் டிரம்களை ஒவ்வொன்றாக உருட்டிக் கொண்டுபோய் ஜெரால்டு அனுப்பிய வண்டியில் ஏற்றினோம். பால்துரை வீடியோ எடுக்கவில்லை. எடுக்கட்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. அத்தை தீப்பந்தத்தைப் பகிரங்கமாகவே பற்றவைத்துக்கொண்டு வந்தார். மகன் பார்த்தார், கம்பை வாங்கித் தானே மரத்தில் இழுத்தார்.

சுடலி வேலியோரம் வந்து நின்றாள். "இனிமே ஊத்த மாட்டியளா அண்ணாச்சி? ஆடு ஏங்கிப் போயிருமே" என்றாள். பால்துரை தீப்பந்தத்தோடு அடுத்த மரத்துக்கு நகர்ந்தார்.

நான் செல்போனை எடுத்துக்கொண்டு தோட்டத்தின் கடைசிக்குப் போனேன். இருப்பதிலேயே மோசமான வரிசை எதுவென்று தேடினேன். தேடுவதற்கு அவ்வளவு சிரமம் இல்லை. இலையெல்லாம் கொட்டிக் குச்சி குச்சியாக நின்ற ஒரு வரிசைக்கு எதிரே நின்று, நீலத் தொட்டி ஓரத்தில்கூட வராதபடி பார்த்து, ஒரு படம் எடுத்து அனுப்பினேன்.

இந்த முறை இதயம் எதுவும் வரவில்லை. உடனே பதில் மட்டும் வந்தது.

"தூரமா நின்னு எடுக்காதே. இன்னும் கிட்டப் போ."